நாள்காட்டித் தாளின் பின்பக்கம்

மண்டிக்குப் போனதும் என் முதல் வேலை, நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிப்பது. 20 வருடப் பழக்கம். கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் மூட்டைக் கணக்கு போடுவேன், வண்டி வாடகையைக் கூட்டுவேன், பேரேட்டில் ஏற்றியதும் கசக்கிப் போட்டுவிடுவேன். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் கசக்கிப் போடுவதை நிறுத்தினேன். அன்றிலிருந்து சேர்ந்த தாள்களை ரப்பர் வளையம் போட்டு இழுப்பறையின் அடியில் வைத்திருக்கிறேன்.

முதல் தாளில் இப்படி இருக்கிறது: "ஊசி போட்டு 20ஆம் நாள். காலை 11 மணி. ஏலத்தில் நிற்கும்போது நெஞ்சு படபடப்பு. நாடி 108. கை நடுக்கம். பயம். எதைப் பற்றி என்று தெரியவில்லை."

அந்தக் கடைசி வரியைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாம்பைக் கண்டால் பயம், கடன்காரன் வந்தால் பயம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பயம். இவற்றுக்கெல்லாம் ஒரு முகம் உண்டு. முகமில்லாத பயம் வரும்போது மனசு அதற்கு ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு ஓடுகிறது. அன்று என் மனசு தேடிப் பிடித்த முகம், மாரடைப்பு.

*

ஊசி எதற்கு என்று சொல்லாமல் மேலே எழுத முடியாது. இதைச் சொல்லவே எனக்கு 25 வருடம் ஆயிற்று.

1997இல் எனக்கு 16 வயது. இரண்டு கன்னமும் வீங்கிப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அப்பத்தா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போட்டாள். பொன் போட்டால் வீக்கம் வடியும் என்று நம்பிக்கை. கன்னம் வடிந்தது. ஒரு வாரம் கழித்து வீக்கம் கீழே இறங்கியது. இரண்டு விரையும் வீங்கி, உட்கார முடியாமல், படுக்கப் பொறுக்காமல், காய்ச்சலோடு ஐந்து நாள் கிடந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பத்தா போட்ட சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருந்தது நினைவிருக்கிறது. வீக்கம் வடிந்தபின் இரண்டும் மெல்ல மெல்லச் சுருங்கிப்போயின.

பருவம் வந்தபின் இந்த நோய் தாக்கும் ஆண்களில் கணிசமான பேருக்கு விரை வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் வந்து, இரண்டும் சுருங்கி, உள்ளே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லைடிக் செல்களும் கெட்டுப்போவது அரிது. அந்த அரிது எனக்கு வாய்த்தது.

கல்யாணத்துக்குப் பின் பிள்ளை இல்லை. ஈரோடு பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்து, மாதம் ஒரு நாள் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பவரிடம் இரண்டு வருடம் லேகியம் வாங்கிச் சாப்பிட்டேன். சோதனை எதுவும் இல்லை. நாடியைப் பிடித்துவிட்டு "நரம்புத் தளர்ச்சி" என்றார். வாங்கிய லேகியத்துக்குக் கணக்கு எழுதாமல் விட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பேரேட்டில் எதையும் விடாதவன், வீட்டுக் கணக்கில் அந்தத் தொகையை மட்டும் மறைத்தேன்.

*

40 வயதில் மண்டி வாசற்படியில் வழுக்கிக் கையை ஊன்றினேன். உயரம் ஒரு முழம்கூட இல்லை. மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட எலும்பு மருத்துவர், "இந்த வயசுல இந்த விழுகைக்கு எலும்பு முறியக் கூடாதே" என்று சந்தேகப்பட்டார். எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொன்னார். வயதான பெண்களுக்கு இருப்பதுபோல் தேய்ந்திருந்தது. அவர் சொல்லித்தான் டெஸ்டோஸ்டிரோன் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில். இந்தச் சுரப்பு காலையில் ஏறி மாலையில் இறங்கும். சாப்பிட்டபின் இன்னும் குறையும். அதனால்தான் அந்த நேரம். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று இன்னொரு காலையும் பார்த்தார்கள். 142, பிறகு 130. பருமனில்லாத ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 264 முதல் 916 வரை இருக்கும். தலைக்குள்ளிருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் எல்.ஹெச். மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வேலை நடக்காத பட்டறைக்கு ஓனர் திரும்பத் திரும்ப போன் போடுவதுபோல, அது 24 வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தபோது அழுகை வந்தது. வருத்தத்தால் வந்த அழுகை இல்லை. நான் சோம்பேறி இல்லை, கோழை இல்லை, என் உடம்பில் ஒரு பொருள் குறைகிறது என்று ஒரு தாள் சொன்னதே, அதற்கு.

*

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் ஊசியைத் தொடங்கினேன். 250 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒன்று. சஸ்டனான் என்ற பெயர். ஒரே குப்பியில் நான்கு வகை டெஸ்டோஸ்டிரோன். ஒன்று சீக்கிரம் கரையும், ஒன்று மெதுவாக. எல்லாம் கலந்திருப்பது கடலெண்ணெயில். கடலை ஒவ்வாதவர்கள் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அட்டையில் அதைப் படித்தபோது ஏனோ ஒரு நெருக்கம் தோன்றியது. எங்கள் வீட்டு வாணலியில் காய்வதும் கடலெண்ணெய்தான்.

"போட்டா தெம்பா இருக்கும்" என்றார் அந்த மருத்துவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடுப்பில் ஊசியைப் போட்டுக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, யாரும் பார்க்குமுன் வெளியே வந்துவிட வேண்டும். அதுதான் அப்போது என் ஒரே நினைப்பு.

தெம்பு வந்தது உண்மை. மூட்டையைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வந்தது. மனைவியின் பக்கத்தில் படுக்கும்போது இருந்த கூச்சம் குறைந்தது. தாடி அடர்ந்தது. 41 வயதில் முதுகிலும் தாடையிலும் பரு வந்தது. மண்டிப் பையன்கள் பார்த்தார்கள், கேட்கவில்லை.

ஊசி போட்ட மறுநாளிலிருந்து நாலாம் நாள் வரை உடம்பு சூடேறிக் கிடக்கும். தூக்கம் இரண்டு மணிக்கே கலைந்துவிடும். எடை போடுகிறவரிடம் ஒரு கிலோவுக்காகக் கத்தினேன். நான் யாரிடமும் கத்தியவன் இல்லை. பிறகு பத்து நாள் நன்றாகப் போகும். 18ஆம் நாள் வாக்கில் காலையில் எழும்போதே வயிற்றில் ஏதோ பிசையும். கதவு மூடும் சத்தத்துக்கு நெஞ்சு துள்ளும். தத்தெடுத்த எங்கள் மகள் பள்ளியிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் என் கண்ணுக்குள் விபத்து நடந்து முடிந்துவிடும்.

*

20ஆம் நாள். ஏலத்தில் விரலி மஞ்சளுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. மண்டிப் பையன் வண்டியில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நல்லபடியாக இருந்தது. "வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார் பணியில் இருந்த இளம் மருத்துவர்.

பையன் பக்கத்தில் நின்றிருந்தான்.

"இல்லைங்க" என்றேன்.

வாயுத்தொல்லை என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. கேட்டார்கள், நான் மறைத்தேன். 16 வயதில் சங்கிலியைக் கடித்துக்கொண்டு கிடந்த அதே ஆள்தான் அந்தக் கட்டிலிலும் கிடந்தான்.

*

அன்று மாலை வீட்டில் மனைவி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏனுங்க, இன்னைக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமமுங்க. அதான். ரெண்டு நாளைக்கு யாருகிட்டயும் பேச்சு வெச்சுக்காதீங்க."

பார்த்தேன். சந்திராஷ்டமம் என்ற இடத்தில் என் நட்சத்திரம் அச்சாகியிருந்தது. மனசுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பயத்துக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது, இரண்டேகால் நாளில் விலகிவிடும். அவள் எனக்குக் கொடுத்தது அதுதான்: இது வரும், போகும் என்ற நினைப்பு. அந்த நினைப்பே பாதி மருந்து.

நான் கணக்குப்பிள்ளை. தேதி கிடைத்தால் எழுதாமல் இருக்க முடியாது. மறுநாளிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன். ஊசி போட்டு எத்தனையாவது நாள், நாடி எவ்வளவு, எத்தனை மணிக்குத் தூக்கம் கலைந்தது, எத்தனை காபி, மனசு எப்படி. ஐந்து விஷயம். ஒரு நாளும் விடவில்லை.

அடுத்த பயம் 21 நாளில் வந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். சந்திராஷ்டமம் வர இன்னும் 6 நாள் இருந்தது. மூன்றாவது பயம் இன்னொரு 21 நாளில். சந்திராஷ்டமம் அப்போது 12 நாள் தள்ளிப்போயிருந்தது. நிலவு ராசிச் சக்கரத்தைச் சுற்றி வர 27 நாளுக்குச் சற்று மேல் ஆகும். என் பயம் 21 நாளில் சுற்றிவந்தது. 21 நாளில் சுற்றியது என் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான்.

மேசைமேல் மூன்று சுற்றுத் தாள்களையும் வரிசையாகப் பரப்பி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒவ்வொரு தாளாகப் படித்தாள். வெகுநேரம் கழித்து, "இத்தனை நாளும் நீங்க இப்படியா இருந்தீங்க?" என்றாள். நாளைக் காட்டத்தான் கூப்பிட்டேன். அவள் பார்த்தது வேறு.

*

கோயம்புத்தூரில் ஹார்மோன் மருத்துவர். தாள்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். அம்மையார் ரப்பர் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்து நிமிடம் படித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கோடு வரைந்தார். மலை போல் ஏறி, சரிந்து, அடிவாரத்தில் முடியும் கோடு.

இந்த ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் அளவு உச்சிக்குப் போகும், கிட்டத்தட்ட 2000 வரைகூட. இயல்பான உச்ச வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 21 நாளில் இயல்பின் கீழ்க்கோட்டுக்கு வந்து நிற்கும். "உச்சியில கோபம், தூக்கமின்மை. அடியில சோர்வு, பதற்றம். நீங்க எழுதி வெச்சிருக்கறது இந்தக் கோடுதான்" என்றார். என் கையெழுத்தையும் அவர் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன.

அதோடு விடவில்லை அவர். பதற்றம் என்று வந்தவனுக்கு எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. தைராய்டு பார்த்தார், அது கூடினாலும் இதே படபடப்புதான். சர்க்கரை பார்த்தார். ரத்தத்தில் பி.சி.வி. பார்த்தார். 54.8.

பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். ஆண்களுக்குச் சாதாரணமாக 40க்கும் 50க்கும் நடுவே இருக்கும். 54ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்பட்டு, கட்டி தட்டும் ஆபத்து கூடும் என்பதால் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் ஒரு முறை, பிறகு மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு முறை, அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும். ஊசி தொடங்கிய ஏழு மாதத்தில் எனக்கு ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. தலைபாரம், முகம் சிவந்தது, காதில் நாடி கேட்டது, இவற்றில் எத்தனை அதனால் வந்ததோ.

"குறட்டை விடறாரா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"முந்தி விட்டாருங்க. இப்போ விட்டுட்டு விட்டுட்டு, திடீர்னு நின்னு போயிடுதுங்க. எனக்குப் பயமா இருக்குமுங்க. எழுப்பி விடுவேன்."

நான் பயந்துகொண்டிருந்த அதே இரவுகளில் பக்கத்தில் அவளும் பயந்துகொண்டிருந்தாள். என் மூச்சு நின்றுபோகிறதா என்று. ஒரே கட்டிலில் இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

தூக்கப் பரிசோதனையில் மூச்சடைப்பு உறுதியானது. தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது உடம்பு அபாயம் என்று அலறித் தன்னை எழுப்பிவிடும். நெஞ்சடிப்போடு விழிப்பு வரும். ஆக்சிஜன் குறைவதை ஈடுகட்டச் சிவப்பணு இன்னும் பெருகும். டெஸ்டோஸ்டிரோன் இந்த மூச்சடைப்பைக் கூட்டவும் செய்யலாம். இரவு விழிப்புகளில் வந்த பயத்தின் முகம் அதுவாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். மகள் முதல் நாள் பார்த்துவிட்டு "யானை அப்பா" என்றாள். தும்பிக்கையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

*

பி.சி.வி. இறங்கும்வரை ஊசியை நிறுத்திவைத்தார்கள். 9 வாரம். அந்த 9 வாரத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது.

பயம் அலையாக வருவது நின்று, தேங்கிய தண்ணீர்போல் கிடந்தது. கிளினிக்கில் போய் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றாத நாள் இல்லை. அம்மையார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: அடியில் கிடக்கும்போது அடுத்த ஊசியை நாள் முந்திப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு, உச்சி இன்னும் உயரும், அடுத்த சரிவு இன்னும் செங்குத்தாகும்.

அப்போது மாலைகளில் காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் நடந்தேன். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால். நேராக ஓடாது; வளைந்து வளைந்து போகும். நான் கணக்கெழுதும் மஞ்சளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்ததுதான். நடக்கும்போது மூச்சை எண்ணினேன். நாலு எண்ணி இழுப்பது, ஆறு எண்ணி விடுவது. விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சடிப்பு இறங்கும். இது நம்பிக்கை இல்லை, மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்: மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமெடுக்கிறது, விடும்போது தணிகிறது. இத்தனை நாள் என்னோடு இருந்த ஒன்றை 41 வயதில்தான் தொட்டுப் பார்த்தேன்.

பயத்தை விரட்ட முயன்ற நாட்களில் அது கூடியது. "வந்திருக்கிறாய், சரி, உட்கார்" என்று விட்ட நாட்களில் இருபது நிமிடம், அரைமணி, பிறகு எழுந்து போனது. ஒரு தாளில் அதன் வருகையையும் புறப்பாட்டையும் நேரம் போட்டு எழுதியிருக்கிறேன்: "6.10 வந்தது. 6.35 போனது. இடையில் மீன்கொத்தி ஒன்று மூன்று தடவை தண்ணீரில் விழுந்தது."

காபியை மதியத்தோடு நிறுத்தினேன். எனக்கு அது பெரிய இழப்பு. பலன் தெரிந்ததால் தொடர்கிறேன்.

*

ஒரு மருந்துக் கடைக்காரர் அனாஸ்ட்ரசோல் என்ற மாத்திரையைச் சேர்த்து எடுக்கச் சொன்னார். மார்க்காம்பில் கூச்சமும் வலியும் இருந்தது உண்மைதான். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு உடம்பில், முக்கியமாகக் கொழுப்பில், ஈஸ்ட்ரடையோலாக மாறுகிறது. அதைத் தடுக்கும் மாத்திரை அது. அம்மையாரிடம் கேட்டேன். "உங்க எலும்பைக் காப்பாத்தறதே அந்த ஈஸ்ட்ரடையோல்தான். அதை அடைச்சா மறுபடி கை முறியும்" என்றார். ஊசியின் உச்சி குறைந்ததும் வலி தானாக அடங்கியது. ஒரு பக்க விளைவுக்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரையின் பக்க விளைவுக்கு இன்னொன்று என்று போயிருந்தால் எங்கே போய் நின்றிருப்பேனோ.

*

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கூர் குழுவினர் டெஸ்டோஸ்டிரோனைத் தூய வடிவில் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். காளை விரை 100 கிலோவிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம். ஓர் ஆண் உடம்பு ஒரு நாளில் சுரப்பது ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம். அத்தனை காளைகளையும் சேர்த்தால் ஒருவனுக்கு ஒன்றரை, இரண்டு நாள் வருகிறது. அவ்வளவு கொஞ்சத்தைத்தான் உடம்பு தானாக, ஓசையில்லாமல், நாள்தோறும் இறக்கிக்கொண்டே இருக்கிறது. மூன்று வாரக் கூலியை ஒரே நாளில் கையில் கொடுத்தால் குடும்பம் என்ன ஆகும் என்பது மண்டியில் வேலை செய்பவனுக்குத் தெரியும்.

*

பி.சி.வி. 47க்கு வந்தது. மீண்டும் தொடங்க இரண்டு வழி சொன்னார். தினமும் தோளில் தடவும் ஜெல். அளவு ஏறக்குறைய சமமாக நிற்கும். ஆனால் தடவிய தோல் குழந்தைமேல் பட்டால் அதன் உடம்பிலும் ஏறும். கை கழுவி, சட்டை போட்டு மூடி வைக்க வேண்டும். 3 வயதில் எங்களிடம் வந்த மகள். என் தோளில் முகம் புதைத்துத்தான் தூங்குவாள். வேண்டாம் என்றேன்.

இன்னொரு வழி, டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட். 1000 மில்லிகிராம், 4 மில்லி. முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் ஆறு வாரம். அதன்பின் 12 வாரத்துக்கு ஒன்று. இது கலந்திருப்பது விளக்கெண்ணெயில். அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பத்தா நினைவு வந்தது. வயிற்றுச் சூடு, கண்ணெரிச்சல், மலச்சிக்கல், எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்தது ஒரே விளக்கெண்ணெய்ப் புட்டி. கெட்டியான எண்ணெய். சிஸ்டர் குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கி, இடுப்பில் இரண்டு நிமிடத்துக்கும் குறையாமல் மெதுவாக இறக்குவார். எண்ணெய்த் துளி ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போனால் இருமலும் மூச்சிரைப்பும் வரலாம் என்று அரைமணி நேரம் உட்கார வைப்பார்கள். முதல் தடவை அந்த அரைமணியும் என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பையில் ஒரு புத்தகம் கொண்டுபோகிறேன்.

84 நாளில் ஒரு சுற்று. மலை போய் மேடானது. 11ஆம் வாரத்தில் ஒரு மெல்லிய கலக்கம் இன்றைக்கும் வருகிறது. தேதி தெரிந்த விருந்தாளி.

*

அளவு சமமானபின்னும் பயம் முழுதாகப் போகவில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகள் பொய்யாகிவிடும். பத்தில் ஏழு பங்கு போயிற்று. மிச்சம் மூன்று பங்கு ஊசிக்கு முன்னாலேயே என்னிடம் இருந்தது. 16 வயதிலிருந்து மறைத்து வைத்தது. அதற்கு மனநல மருத்துவரிடம் போனேன். அங்கே எட்டு மாதம் பேசினேன். ஆறு மாதம் ஒரு சிறிய மாத்திரையும் எடுத்தேன். போக வழியில்லாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம்; டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நள்ளிரவில் ஒரு முறை நான் அழைத்திருக்கிறேன்.

எல்லாப் படபடப்பையும் மூச்சை எண்ணி உட்கார வைத்துவிடக் கூடாது என்பதையும் எழுதி வைக்கிறேன். 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றி அம்மையார் சொன்னார். இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள, 45 முதல் 80 வயது வரையிலான 5000க்கும் மேற்பட்ட ஆண்கள். ஜெல் தடவியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 100க்கு 3.5 பேருக்கு வந்தது; போலி ஜெல் தடவியவர்களில் 2.4 பேருக்கு. அதனால் நாடியை எண்ணும்போது வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை, தாளத்தையும் பார்க்கிறேன். வேகமாக ஆனால் சீராக அடித்தால் உட்கார்ந்து மூச்சை விடுகிறேன். தாறுமாறாக அடித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சிரைத்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், 108 ஆம்புலன்ஸ்.

*

போன மாதம் மண்டிக்குப் புதிதாக வந்த பையன், 22 வயது, ஜிம்முக்குப் போகிறவன், என்னிடம் ஒரு குப்பியைக் காட்டினான். அதே கடலெண்ணெய்க் குப்பி. வாரம் இரண்டு போடச் சொல்லியிருக்கிறார்களாம். அவனை உட்கார வைத்து இழுப்பறையைத் திறந்தேன். தாள்கட்டை முதல் முறையாக வெளியாள் ஒருவன் கையில் கொடுத்தேன். குறையில்லாத உடம்பில் வெளியிலிருந்து ஊற்றினால் பிட்யூட்டரி கூப்பிடுவதை நிறுத்திவிடும், விரை சுருங்கும், விந்தணு குறைந்து இல்லாமலே போகலாம், திரும்பி வர மாதங்கள் ஆகும் என்று சொன்னேன். எனக்குப் பொன்னுக்கு வீங்கி செய்ததை நீ காசு கொடுத்துச் செய்துகொள்ளாதே கண்ணு என்றேன். அவன் எதுவும் சொல்லவில்லை. குப்பியை என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனான்.

மகளுக்கு எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டாகிவிட்டது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்குச் சேர்த்துப் போட வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆண் பிள்ளை பெற்றவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

*

இந்த ஊசியை எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களிடமும் போட்டுவிடும் சிஸ்டர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. எங்களில் பலர் உங்கள் முன்னால் நிமிர்ந்து உட்காரக்கூட வெட்கப்படுகிறவர்கள். கேள்வி கேட்க மாட்டோம். வேறு மருந்து உண்டா என்றால் இல்லை என்போம். முதல் ஊசியன்று கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "நடுவுல காரணமில்லாம பயம் வந்தா, தேதியைக் குறிச்சு வெச்சுட்டு எங்கிட்ட வாங்க." எனக்கு அந்த ஒரு வரி கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று.